கணினிக்குள் ஒரு 2001

1990களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தமிழில் வெளிவந்த நூல்களிலும் சிற்றிதழ்களிலும் பெரும்பகுதி பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. கவிதைத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு நாவல், நினைவு மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்த மென்பொருளின் வழியாகத்தான் லேசர் பிரிண்டருக்குப் போய், பட்டர் பேப்பரில் இறங்கி, பிளேட்டாகி, அச்சுக்கு ஏறின. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். 2004இல் அடோபி நிறுவனம் அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. அது கடைசியாக ஓடிப் பழகிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்தது. மென்பொருள் போயிற்று, அதைத் தாங்கிய இயங்குதளமும் போயிற்று. கோப்புகள் மட்டும் சிடிகளிலும் பழைய ஹார்டு டிஸ்குகளிலும் கிடக்கின்றன. இன்றைய கணினியில் அவற்றைச் சொடுக்கினால், எதைக் கொண்டு திறப்பது என்று கணினி நம்மையே கேட்கிறது.

என் மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் வர்ச்சுவல்பாக்ஸ் என்றொரு மென்பொருள். அதற்குள் முழுமையான ஒரு விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கர். பேஜ்மேக்கருக்குள், நின்றுபோன ஒரு சிற்றிதழின் பக்கங்கள், அச்சுக்குப் போன நாளில் இருந்தபடியே. ஆய்வகக் கருவிகளை ஓட்டுபவர்களும், பழைய ஆலை இயந்திரங்களோடு மல்லுக்கட்டுபவர்களும் இதே வழியைத்தான் கையாள்கிறார்கள். அவர்களுக்கு அது வேலை நடப்பதற்கான ஏற்பாடு. தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை அது ஒரு தலைமுறையின் எழுத்துக்குள் போவதற்குத் திறந்திருக்கும் கதவு. அந்தக் கதவு எத்தனை காலம் திறந்திருக்கும் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உள்ளே ஓடும் எக்ஸ்பிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அதன் கண்ணுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் தெரிகிறது. உண்மையில் அது லினக்ஸில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய கோப்பு. அதற்கு ஒரு நெட்வொர்க் கார்டு தெரிகிறது. அப்படியொரு கார்டு என் மடிக்கணினியில் கிடையாது. எக்ஸ்பியின் நிறுவல் சிடியில் சாட்டா வட்டுக்கான டிரைவர் இல்லை. ஆகவே இருப்பது பழைய ஐடிஇ வட்டு என்று அதற்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வட்டே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். கார்டும் அப்படித்தான்: எக்ஸ்பிக்கு ஏற்கெனவே தெரிந்த ஏஎம்டி பிசிநெட் வகைக் கார்டு ஒன்று இருப்பதாக வர்ச்சுவல்பாக்ஸ் பாவனை செய்கிறது. 2001இல் அறிமுகமாகியிருந்த பொருட்களை மட்டுமே வைத்து அதைச் சுற்றி ஓர் உலகத்தைக் கட்டியாக வேண்டும். வெளியே எத்தனை ஆண்டுகள் ஓடியிருந்தாலும், அந்தச் சுவர்களுக்குள் பழைய நிரல் தன் இயல்பில் நடக்கிறது. 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் இதற்கு இலக்கணமே வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் தனி இயந்திரத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும். அதன் கட்டளைகளில் பெரும்பாலானவை இடையூறு இல்லாமல் நேரே செயலியில் ஓட வேண்டும். நினைவகம், வட்டு முதலான வளங்களின் பிடி மட்டும் வெளியே இருக்கும் மேலாளரை விட்டு நழுவக்கூடாது. அந்த மூன்று நிபந்தனைகளில் முதலாவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. பழையதைத் திருத்தாமல், இன்றைக்கு ஏற்றபடி வளைக்காமல், அதை அதுவாகவே இருக்கவிட வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் ஒரு கணிதக் கட்டுப்பாடாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த யோசனை தனிக்கணினிகளுக்கு முந்தியது. 1959இல் ஐபிஎம் அறிவித்த 1401 என்ற கணினி அலுவலகங்களில் பரவலாக இடம்பிடித்திருந்தது. சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, காப்பீட்டுக் கணக்கு என்று நிறுவனங்கள் அதற்கென எழுதிவைத்த நிரல்கள் ஏராளம். 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் தன் 200 என்ற கணினியை அறிவித்தது. 1401க்கான நிரல்களை அதில் ஓடும்படி மாற்றித்தருவதாகச் சொல்லி வாடிக்கையாளர்களை அழைத்தது. அடுத்த ஏப்ரல் 7ஆம் தேதி ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, அதன் அமைப்பு 1401இலிருந்து முற்றிலும் வேறாக இருந்தது. ஆனாலும் அந்த வரிசையின் சிறிய மாடல்களில் 1401இன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் மைக்ரோகோடையும் சேர்த்துத்தந்தார்கள். புது இயந்திரத்தை வாங்கியவர்கள் அதில் பழைய இயந்திரத்தையே ஓட்டினார்கள். மனித உழைப்பு நிரல்களில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கியெறிந்துவிட்டு வா என்று எந்த விற்பனையாளராலும் சொல்ல முடியவில்லை. பின்னர் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசியின் குழு சிபி-40ஐ உருவாக்கி, 1967இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரே இயந்திரம் பயனர் ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் போலத் தோன்றியது அங்கேதான். 1972இல் விஎம்/370 அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் மேசைகளில் இருந்த இன்டெல் வகைச் செயலிகள் போபெக், கோல்ட்பர்க் நிபந்தனைகளுக்கு நேராக இணங்கவில்லை. 1999இல் விஎம்வேர் ஒரு மொழிபெயர்ப்புத் தந்திரத்தால் அந்தத் தடையைத் தாண்டியது. 2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் செயலியிலேயே அதற்கு வசதி செய்தன.

பேஜ்மேக்கர் கோப்பை ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போகலாமே, எதற்கு இத்தனை பாடு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கோப்புக்குள் தமிழ் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் பதிவாவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். ஜே-யின் இடத்தில் ‘த’ என்ற உருவத்தை வரைந்து வைத்திருப்பது எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி பரவியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் இருந்தது. இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி என்ற குறியேற்றத்தை வளர்த்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தரமாக்கியது. இவை போக, டிடிபி சென்டர்கள் வாங்கிய எழுத்துருத் தொகுப்புகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விசை ஒழுங்கை வைத்திருந்தது. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும் பேஜ்மேக்கர் கடைசிவரை யூனிகோடை அறியாமலேயே போய்ச்சேர்ந்தது.

மாற்றிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் இரண்டும் இல்லாவிட்டால் இணையத்தில் இன்றிருக்கும் தமிழில் ஒரு பங்கு இருக்காது. அவற்றைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மாற்றிக்குக் கிடைப்பது வெறும் குறிகளின் வரிசை. அந்த வரிசையில் எது தமிழ், எது ஆங்கிலம் என்ற தகவல் இல்லை. அடிக்குறிப்பில் ஓர் ஆங்கில நூலின் பெயர் டைம்ஸ் எழுத்துருவில் இருந்தால், மாற்றி அதையும் தமிழாக எடுத்துக்கொண்டு புரியாத எழுத்துக் குவியலாக்கிவிடும். கோட்பாட்டுக் கட்டுரைகள் நிறைந்த ஒரு சிற்றிதழில் ஆங்கிலப் பெயர் வராத பக்கமே கிடையாது. எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதை அறிந்த ஒரே சாட்சி பேஜ்மேக்கர். அதற்குள் நின்று, எழுத்துருக் குறிப்போடு ஆர்டிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். அதுவும் ஒரே மூச்சில் நடக்காது. பேஜ்மேக்கரில் தொடர்ந்து ஓடும் ஒவ்வொரு எழுத்துத் தொடரும் தனித் தனி ‘ஸ்டோரி’. தலைப்பு ஒன்று, ஆசிரியர் பெயர் ஒன்று, கட்டுரை ஒன்று, கட்டம் கட்டிய குறிப்பு ஒன்று. ஒவ்வொன்றிலும் கர்சரை வைத்துத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. இந்த எழுத்துருக்களில் அடிப்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ‘கௌ’ என்றால் கொம்பு, க, அடுத்து ‘ள’ விசை. பாமினி போன்றவற்றில் ஔகாரக் குறிக்கென்று தனி விசை கிடையாது; ளகரமே அந்த வேலையையும் பார்த்தது. அச்சில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மாற்றியில் போட்டால் ‘கௌரவம்’ என்பது கெ, ள, ர என்று மூன்றெழுத்தாகப் பிரிந்து ‘கெளரவம்’ ஆகிவிடுகிறது. திரையில் பார்த்தால் இப்போதும் அதே சொல்தான். தேடினால் மட்டும் கிடைக்காது. பௌத்தம் பற்றிய கட்டுரைகள் அடங்கிய ஒரு தொகுப்பில் ‘பௌத்தம்’ என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாமல் போகும். மாற்றியவர் மெய்ப்பு பார்த்திருப்பார், அவர் கண்ணுக்குப் பிழை பட்டிருக்காது. படிப்பவரின் கண் மன்னிக்கிற பிழையைத் தேடுபொறி மன்னிப்பதில்லை.

வேறு சில எழுத்துகள் காணாமலே போகும். பழைய குறியேற்றங்களில் 160ஆம், 173ஆம் இடங்கள் ஆபத்தானவை. முதலாவது, வரி உடையாத வெற்றிடத்துக்கு உரியது. இரண்டாவது, வரியின் இறுதியில் மட்டும் தோன்ற வேண்டிய மென்கோட்டுக்கு உரியது. அங்கே ஒரு தமிழெழுத்தைக் குடிவைத்திருந்தால், பழைய மென்பொருள் அதைக் காட்டியது. புதியது அந்த இடத்தின் சட்டபூர்வமான பொருளை எடுத்துக்கொண்டு எழுத்தை விழுங்கிவிடுகிறது. டிஸ்கியை வகுத்தவர்கள் இதை அறிந்து அந்த இடங்களைப் பற்றி நீண்டகாலம் விவாதித்தார்கள். அந்த விவாதம் எட்டாத எழுத்துருக்களும் புழக்கத்தில் இருந்தன.

ஸ்கேன் செய்து எழுத்துணரியில் போட்டால் போதாதா என்றால், பல நூல்களுக்குப் போதும். தமிழுக்கான எழுத்துணரிகள் இப்போது நன்றாகவே வேலைசெய்கின்றன. கோப்பு தொலைந்துபோன நூலுக்கு அதைவிட்டால் வழியும் இல்லை. ஆனாலும் கோப்பு இருக்கும்போது அதைத் திறக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அச்சில் வராத ஒன்று அதில் இருக்கிறது.

பேஜ்மேக்கரில் பக்கத்தைச் சுற்றி வெற்று வெளி ஒன்று உண்டு. பேஸ்ட்போர்டு என்பார்கள். பக்கம் கட்டுபவர் இடம் போதாத பத்தியையும், மாற்றிப் பார்த்த தலைப்பையும், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த படத்தையும் அங்கே இழுத்துப் போட்டிருப்பார். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அந்த வெளியும் அதில் கிடப்பவையும் கூடவே இருக்கும். அச்சடித்தால் வராது, பிடிஎஃப் எடுத்தால் வராது. கோப்பை அதன் சொந்த மென்பொருளில் திறப்பவருக்கு மட்டுமே தெரியும். நான் திறந்த பழைய இதழ்க் கோப்புகளில் நீக்கப்பட்ட தலையங்க வரிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கவிதைக்கு ஆசிரியர் குழு யோசித்த மூன்று தலைப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தி முழுவதும் வெளியே கிடந்தது. இதழில் அந்தக் கட்டுரை பக்கத்தின் அடிவிளிம்பில் சட்டென்று நின்றுபோகும். இடத்துக்காக வெட்டினார்களா, கருத்துக்காக வெட்டினார்களா என்று சொல்ல முடியவில்லை. எழுதியவர்கள் கைவிட்டதை வெளியிடும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே என் எண்ணம். அந்தப் பத்தியை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஓர் இதழ் எப்படி யோசித்தது என்பதற்கான தடயம் அங்கே இருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் உரிய அனுமதியோடு பார்க்கும்படி அது காக்கப்பட வேண்டும்.

அமெரிக்காவில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் இதைச் செய்து காட்டியது. சல்மான் ருஷ்டியின் தாள்களோடு அவருடைய பழைய கணினிகளும் அங்கே வந்துசேர்ந்தன. 2010இல் அந்தச் சேகரத்தைத் திறந்தபோது, அவருடைய மெக்கின்டோஷ் பெர்ஃபார்மா 5400ஐ ஒரு போலி இயந்திரமாக்கி, அவர் பார்த்த அதே திரையை, அதே அடைவுகளை, அதே மென்பொருளில் வாசகர்கள் பார்க்கும்படி செய்திருந்தார்கள். எழுத்தை மட்டும் உருவி எடுத்துத் தந்திருக்கலாம். எழுதிய சூழலையும் சேர்த்துத் தந்தார்கள். நம்மிடம் அச்சான நூலைப் பேணுவதற்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற அருமையான இடங்கள் உண்டு. அச்சுக்கு முந்திய கோப்புகளோ பெரும்பாலும் பதிப்பாளர் வீட்டுப் பரணிலும், பக்கம் கட்டியவரின் மேசை இழுப்பறையிலும் இருக்கின்றன. சிடியின் பூச்சு உரிந்தால் கேட்பாரில்லை.

ஆகவே நான் இரண்டையும் செய்ய வேண்டும் என்கிறேன். எழுத்து வெளியே வர வேண்டும்: ஒழுங்கான யூனிகோடில், கௌரவம் கௌரவமாகவே, எந்தக் கைபேசியிலும் படிக்கும்படி, தேடினால் கிடைக்கும்படி. எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாத நிலைக்கு அது வந்துசேர வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் வெளியிடும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கி, குறியேற்றங்கள் மாற மாறத் தன் நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்து இன்று யூனிகோடில் நிற்பது அந்த உழைப்புக்குச் சான்று. பக்கம் மட்டும் உள்ளேயே இருக்கட்டும். வரி எங்கே உடைகிறது, கவிதைக்கு மேலே எவ்வளவு வெள்ளை விட்டார்கள், எழுத்துகளுக்கிடையே எவ்வளவு நெருக்கினார்கள் என்பவை அந்த மென்பொருளுக்கும் அந்த எழுத்துருவுக்கும் சொந்தமான முடிவுகள். பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்துகாட்டியது. அதன் பிறகு வந்தவை அதையும் கைவிட்டுவிட்டன. திறந்த காலத்திலும் வரிகள் இடம்பெயர்ந்தன. ஒரு சிற்றிதழுக்கு அதன் பக்கம் என்பது அதன் முகம். சேர்த்துவைத்த சந்தாப் பணத்தில், நான்கு ஃபாரத்துக்குள் அடக்க வேண்டும் என்ற நெருக்கடியில், யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து அமைத்த முகம்.

இந்த ஏற்பாடும் நிலையானது என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்பியை நிறுவினால் 30 நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் வழியாக உயிர்ப்பிக்க வேண்டும் என்பது விதி; போலி இயந்திரத்தின் உறுப்புகளை அதிகம் மாற்றினால் மறுபடியும் கேட்கும். அதனால் ஒருமுறை ஒழுங்காக அமைந்த இயந்திரத்தை அப்படியே பிரதியெடுத்து வைக்க வேண்டும். இணையத்தோடு அதை இணைக்கவே கூடாது. 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் பரவியபோது, ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த இயங்குதளம் அவ்வளவு எளிதில் தாக்கக்கூடியது. பகிர்ந்த அடைவு ஒன்றின் வழியாகக் கோப்பு உள்ளே போய் வெளியே வந்தால் போதும். செயலிகளும் மாறிவருகின்றன. ஆப்பிள் 2020இல் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறிய பிறகு, அந்தக் கணினிகளில் எக்ஸ்பியின் கட்டளைகள் நேரே ஓடுவதில்லை. கியூஎமு போன்ற ஒன்றை வைத்து ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தே ஓட்ட வேண்டும். வேகம் குறையும், பேஜ்மேக்கர் அவ்வளவு வேகத்தை எதிர்பார்ப்பதில்லை என்பது ஆறுதல். முழு இயந்திரமும் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடுகிறது. அதை மூன்று நான்கு இடங்களில் வைக்கலாம், வைக்க வேண்டும்.

தீராத இடைஞ்சல் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்நாளில் சில எழுத்துருத் தொகுப்புகள் பூட்டோடு வந்தன. கணினியின் பின்புறம், பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் பூட்டு என்ற அந்தச் சிறு பெட்டியைச் செருகினால்தான் தமிழ் வரும். பூட்டு தொலைந்துவிட்டால் கோப்பு திறக்கும், பக்கம் தெரியும், எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கும். அப்படிப்பட்ட ஓர் இதழின் பக்கங்களை, முன்பு டிடிபி சென்டர் வைத்திருந்த ஓர் அம்மையாரிடம் எடுத்துப்போனேன். இப்போது அவர் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்.

“அக்கா, இது பாமினியா?”

திரையைச் சற்று நேரம் பார்த்தார். “பாமினி இல்ல தம்பி. பாமினின்னா கால் வர்ற எடத்துல எல்லாம் எச் இருக்கும். இதுல எங்க இருக்கு எச்? இது அந்தப் பூட்டு போட்ட ஃபான்ட். நான் அடிச்சிருக்கேன்.”

பிறகு அந்தக் கிறுக்கலை வாய்விட்டுத் தமிழில் படிக்கத் தொடங்கினார். தடுமாறிய இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மேசையில் தட்டிப் பார்த்துச் சொன்னார். எழுத்துரு இல்லாவிட்டாலும் குறிகள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன; எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை கிடைத்துவிட்டால் பூட்டு தேவையில்லை. அச்சான இதழ் ஒன்றை ஒரு பக்கம் வைத்து, கோப்பிலிருக்கும் குறிகளை மறுபக்கம் வைத்து, அவர் நினைவையும் சேர்த்து அந்த அட்டவணையைத் தயாரித்துவருகிறோம். இந்த வேலைக்கு அவருக்கு ஊதியம் தருகிறேன். இந்தத் தலைமுறை டிடிபி ஆபரேட்டர்களைத் தேடிப் பிடிப்பவர்கள் எல்லோரும் அப்படித் தர வேண்டும். உயிரெழுத்துகளும், அகரமேறிய மெய்களும், இகர ஈகாரங்களும் முடிந்துவிட்டன. உகர ஊகாரங்களில் பாதியும், கிரந்த எழுத்துகளும், அந்த எழுத்துருவில் பழைய ணை, லை வடிவங்களுக்கென்று இருந்த சில குறிகளும் பாக்கி.